மலையேறிய தமிழர் – 14: பெரட்டுக்கு வராதவர்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் சாலையின் கதையைச் சென்ற இதழில் முடித்தோம். தேயிலை நாற்று, ஆலை இயந்திரம், அரிசி மூட்டை, ஆள்கள் என்று அந்தச் சாலை மேலே கொண்டுபோனவற்றை வரிசையாகப் பார்த்தோம். இந்த இதழ், அதே சாலை கீழே இறக்கிக் கொண்டுவந்தவர்களைப் பற்றியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நேற்றுவரை நின்ற ஆள் இன்று நிற்கமாட்டார். லயத்தில் கேட்டால் ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள். சொந்தக்காரர்களும் அதையே சொல்வார்கள். நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் தொழுநோய் கண்டவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறைகளாக நேர்ந்தது இதுதான்.

கேமரன் மலையில் இந்தக் கதைக்குத் தனியாக ஒரு காலப் பொருத்தம் உண்டு. 1929-ல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1930-ல், கோலாலம்பூருக்கு வடமேற்கே சுங்கை பூலோவில் 562 ஏக்கர் பள்ளத்தாக்கில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. தமிழர்கள் மலையில் குடியேறத் தொடங்கியதும், மலாயா தன் தொழுநோயாளிகளை ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடங்கியதும் ஒரே காலத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தோட்டத்து மக்களின் பயம் எங்கிருந்து வந்தது என்பது பிடிபடும்.

கேமரன் மலை இருக்கும் பகாங், கூட்டாட்சி மலாய் மாநிலங்கள் நான்கில் ஒன்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மற்ற மூன்று. இந்த நான்குக்கும் பொதுவாக 1926-ல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பதை அது கட்டாயமாக்கியது. நோயாளி ஒப்புக்கொள்கிறாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தோட்டத்துக் கங்காணியோ கிராணியோ டிரெஸ்ஸரோ சந்தேகப்பட்டுச் சொல்லிவிட்டால் அடுத்த கட்டம் அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே உறுதியானால் சுங்கை பூலோ. திரும்பி வர முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

இந்தப் பயம் கடல் தாண்டும்போதே தொடங்கிவிட்டது என்றும் சொல்லலாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர்களில் பினாங்கில் இறங்கியவர்கள் முதலில் மிதித்தது பெரும்பாலும் ஜெரஜாக் தீவின் மண்ணைத்தான். அம்மையும் காலராவும் ஊருக்குள் பரவாமலிருக்க, வந்தவர்களை அங்கே தடுப்பு முகாமில் வைத்துப் பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அதே தீவின் இன்னொரு பக்கத்தில் 1870-களின் தொடக்கத்திலிருந்தே தொழுநோயாளர் விடுதி இருந்தது. புதிய நாட்டில் வேலை தேடி வந்தவர்களும் அந்த நாடு ஒதுக்கி வைத்தவர்களும் ஒரே தீவில். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் ரப்பர்த் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலைத் தோட்டத்தில் அது எப்படி ஒளிந்திருக்கும் என்பதை அறியாமல் பின்னால் வரும் வரலாறு விளங்காது.

இந்தக் கிருமியை 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் கண்டவர் ஹான்சன். பல்கிப் பெருகுவதில் இதைப்போல் மந்தமான கிருமி அரிது. ஒன்று இரண்டாவதற்கே பன்னிரண்டு, பதினான்கு நாள் பிடிக்கும். தொற்றியபின் வெளியே தெரிய ஐந்து ஆண்டும் ஆகலாம், இருபது ஆண்டும் ஆகலாம். பெரும்பாலான மனிதர்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி பிறப்பிலேயே உண்டு. கிருமி உள்ளே போனாலும் நோய் வராது. உடம்பில் சூடு குறைந்த இடங்களில்தான் இது தங்கும்: தோல், மூக்கு, காதுமடல், கை கால்களின் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள். முதலில் தெரிவது ஒரு வெளிறிய படை. மாநிறத் தோலில் அதைத் தேமல் என்று நினைத்து விட்டுவிடுவது மிகச் சுலபம். அரிக்காது, வலிக்காது. தொட்டால் தெரியாது என்பதுதான் அதன் ஒரே அடையாளம்.

கேமரன் மலையின் காலைக் குளிரில் கொழுந்து பறிக்கிறவரின் விரல் மரத்துப்போவது அன்றாட விஷயம். பனியில் நனைந்த செடிக்குள் கைவிட்டு வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே உண்மையிலேயே நரம்பு செத்து விரல் மரக்கத் தொடங்கும்போது அதைக் குளிரின் மேல் போட்டுவிட முடிந்தது. வேலை ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பில் இருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவார், சுடாது. கவாத்துக் கத்தி கீறும், தெரியாது. புண் ஆறுவதற்குள் மறுபடி அதே இடத்தில் அடிபடும். விரல் மடங்கத் தொடங்கி, இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ள முடியாமல் போகும்போதுதான் கங்காணியின் கண்ணில் படும். அதற்குள் ஆண்டுகள் கடந்திருக்கும்.

கூலி எடைக்கணக்கில் வரும் வேலையில் விரல்தான் முதல். அதனால் நோய் கண்டவர்கள் மறைத்தார்கள். மறைத்ததால் நரம்பு கெட்டது. நரம்பு கெட்டதால் கை கோணியது. கோணிய கையைப் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். முன்வினை, பரம்பரைச் சாபம், இரத்தக் கேடு என்று ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த நம்பிக்கைகளும் இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் முன்வினையை நம்பியவர்களைச் சமாதானப்படுத்தலாம். லயத்து வாசலில் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை என்ன செய்வது? வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது, தம்பிக்குத் தோட்டத்தில் வேலை கிடைக்காது. தோட்டத்து மக்களின் ஒதுக்கலை அறியாமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அறியாமைக்குச் சட்டமே பாடம் எடுத்தது.

சுங்கை பூலோவைக் கட்டியவர்களின் நோக்கம் கொடுமையானது அல்ல என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். அதற்கு முன்பு கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாக்கில் இருந்த தொழுநோயாளர் விடுதி சிறையைவிட மோசம். சிலாங்கூரின் அரசு மருத்துவராக இருந்த டாக்டர் எர்னஸ்ட் டிராவர்ஸ் 1920-களில் அதன் பொறுப்பை ஏற்றபோது அங்கிருந்தவர்களின் நிலையைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. சீன வைத்தியர்கள் தாய் ஃபூங் சீ என்று சொல்லி வந்த விதையைப் பொடித்து அவர்களுக்குக் கொடுத்தார். சிலருக்குப் படை மங்கியது. மருந்து ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வந்ததும் விடுதியின் முகமே மாறியது. அந்த விதை நமக்கு அந்நியமானதல்ல. சித்த வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பெருநோய்க்குச் சொல்லப்படும் நீரடிமுத்து அதே இனத்து மரத்தின் விதை. தமிழ்நாட்டு வைத்தியரும் சீன வைத்தியரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே மரக்குடும்பத்தின் கீழ் வந்து நின்றிருக்கிறார்கள்.

டிராவர்ஸ் அரசாங்கத்தை விடாமல் வற்புறுத்தியதன் பலன்தான் சுங்கை பூலோ. வரிசைக் கொட்டடிகள் வேண்டாம், தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகள் வேண்டும் என்று கட்டினார்கள். பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம், கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் உள்ளேயே. நோயாளிகளே ஆசிரியர்கள், நோயாளிகளே காவலர்கள். உள்ளே ஒரு சிறையும் இருந்தது. பணத்தின் வழியாக நோய் பரவும் என்ற பயத்தில் 1930-களில் குடியிருப்புக்கென்று தனி நோட்டுகளே அச்சிட்டார்கள். சீனர்களே அதிகம், அடுத்து இந்தியர்கள், மலாய்க்காரர்கள். மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவருக்கு லயத்து அறையைவிட நல்ல வீடு அங்கே கிடைத்திருக்கும். வேலிக்கு வெளியேதான் போக முடியாது.

உள்ளே கல்யாணம் நடந்தது, குழந்தைகளும் பிறந்தன. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து முதலில் குழந்தைகள் காப்பகத்திலும், பிறகு உறவினரிடமோ தத்தெடுப்பவரிடமோ ஒப்படைத்தார்கள். குழந்தைக்கு நோய் தொற்றக் கூடாது என்பது காரணம். அப்படிப் போனவர்கள் இன்று முதியவர்கள். பெற்றவர்கள் யார் என்று தேடி சுங்கை பூலோவின் பழைய பதிவேடுகளைப் புரட்ட வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் குடியிருப்பைப் பற்றி எத்தனை நல்லது எழுதினாலும் இந்த ஒன்று தொண்டையில் நிற்கிறது.

நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் பட்ட வலி கொஞ்சமல்ல. தோலுக்குள் வாரா வாரம் பல இடங்களில் குத்துவார்கள், குத்திய இடம் வீங்கும். ஆரம்பநிலை நோயாளிகள் சிலர் தேறினார்கள், முற்றியவர்களுக்குப் பயன் குறைவு. பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. உணவும் மருந்தும் இல்லாமல் குடியிருப்பில் இறந்தவர்கள் ஏராளம்.

திருப்பம் 1940-களில் வந்தது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜே 1941-ல் புரோமின் என்ற சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார், புண்கள் ஆறின. ஆனால் அது விலை அதிகம், இரத்த நாளத்தில் ஏற்ற வேண்டும். அதன் மூலப்பொருளான டாப்சோன் 1908-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டுச் சும்மா கிடந்தது. நச்சு அதிகம் என்று மனிதருக்குக் கொடுக்க அஞ்சினார்கள். அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று துணிந்தவர்களில் முன்னவர் டாக்டர் ராபர்ட் காக்ரன். அவர் அதைச் செய்தது செங்கல்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில், 1946-ஐ ஒட்டி. அடுத்து சுங்கை பூலோ. அங்கே டாக்டர் மோல்ஸ்வொர்த்தும் டாக்டர் பி. எஸ். நாராயணசாமியும் டாப்சோனை எண்ணெயில் கலந்து, முற்றிய நிலையிலிருந்த 100 நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துக் கண்டதை 1949-ல் பன்னாட்டுத் தொழுநோய் இதழில் வெளியிட்டார்கள். மலாயாத் தமிழர் வரலாற்றில் கங்காணிகள், தலைவர்கள், வணிகர்கள் பெயரெல்லாம் வருகிறது. இந்த நாராயணசாமியின் பெயரையும் அங்கே சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை, வாயில் போட்டு விழுங்கினால் போதும் என்றான பிறகு வேலிக்கு வேலையில்லாமல் போயிற்று. மருந்து சாப்பிடுகிறவர் பிறருக்குப் பரப்புவதில்லை என்றால் அவரை எதற்காகப் பிரித்து வைக்க வேண்டும்? ஆனால் சட்டமும் வழக்கமும் உடனே மாறிவிடவில்லை. குணமாகி வெளியேற அனுமதி கிடைத்தும் பலர் போகவில்லை. போக இடமில்லை. தோட்டத்தில் அவருடைய இடத்தில் வேறு ஆள் வேலை செய்தார், வீட்டில் அவரைச் செத்துப்போனவராகக் கணக்கு முடித்திருந்தார்கள். அவர்களில் பலர் சுங்கை பூலோவிலேயே தங்கிப் பூச்செடி வளர்த்து விற்றார்கள். இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் செடி வாங்கப் போகும் நாற்றங்கால்கள் அப்படித் தொடங்கியவை.

இந்த இடத்தில் கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1960-களில் ஒரு புதிய கவலை. பல ஆண்டுகளாக டாப்சோன் சாப்பிட்டுத் தேறியிருந்த சிலருக்கு நோய் மறுபடி வந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருக்கமாட்டார்கள் என்று நோயாளியின் மேல் பழிபோடுவது எளிது. சுங்கை பூலோவிலிருந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவின் டாக்டர் பெட்டிட் அப்படிச் செய்யவில்லை. கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார், அப்போதும் கேட்கவில்லை. கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது, இன்றுவரை முடியாது. 1960-ல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர்தான் எலியின் பாதத்தில் அதை வளர்க்க வழி கண்டிருந்தார். சுங்கை பூலோ நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த கிருமிகளை லண்டன் மில்ஹில் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் ரீஸ் எலிகளுக்குச் செலுத்தினார். டாப்சோன் கலந்த தீனி தின்ற எலிகளிலும் அவை வளர்ந்தன. கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது. 1964-ல் லான்செட் இதழில் இருவரும் இதை வெளியிட்டபோது, டாப்சோன் எதிர்ப்பு உலகில் முதன்முறையாக நிரூபணமாயிற்று.

தனி ஒரு மருந்தை நம்பியிருக்க முடியாது என்று தெரிந்ததும் மற்ற மருந்துகளையும் அதே நோயாளிகளிடம் சோதித்தார்கள். டப்ளினில் காசநோய்க்காக உருவாக்கப்பட்ட குளோஃபாசிமின் ஒன்று. அது கிருமியைக் கொன்றது, கூடவே தோலைச் சிவந்து கருக்கவும் செய்தது. நோயை மறைத்து வாழ நினைத்தவருக்கு மருந்தே காட்டிக்கொடுப்பதாக அமைந்தது. இன்னொன்று ரிஃபாம்பிசின். ரீஸ், பியர்சன், வாட்டர்ஸ் மூவரும் சுங்கை பூலோ நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1970-ல் வந்தது. டாப்சோன் மாதக்கணக்கில் செய்ததை இது நாள்கணக்கில் செய்தது. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூடி, இந்த மூன்று மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று லேசான நோய்க்கு ஆறு மாதம், முற்றிய நோய்க்கு ஓராண்டு. 1995 முதல் உலகம் முழுக்க நோயாளிகளுக்கு இலவசம்.

தர்மபுரியிலோ பீகாரிலோ பிரேசிலிலோ இன்று ஒருவர் பிரித்து விழுங்கும் அந்த மாத்திரை அட்டைக்குப் பின்னால், சொந்த வீடு திரும்ப முடியாமல் சிலாங்கூர்ப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தொழிலாளிகள் கொடுத்த தோலும் இரத்தமும் இருக்கின்றன. அவர்களுக்குள் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகளும் உண்டு. அவர்களுக்கு யாரும் நினைவுச்சின்னம் வைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள்.

மலைக்குத் திரும்புவோம். 1969-ல் மலேசியா தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சுங்கை பூலோ அதன் மையமானது. அதே ஆண்டில் ஜெரஜாக் தீவின் நோயாளிகளும் இங்கே மாற்றப்பட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், சிகிச்சை குடியிருப்பை விட்டு வெளியே வந்தது. நோயாளி வீட்டிலிருந்தபடியே ஊர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய் மருந்து வாங்கலாம் என்றானது. ஒருவர் மாத்திரை வாங்கிக்கொண்டு லயத்துக்கே திரும்பி, மறுநாள் பெரட்டில் நிற்க முடியும். அவர் தேறுவதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்ப்பார். எத்தனை பிரசாரம் செய்தாலும் வராத நம்பிக்கை இதனால் வந்தது. கூட்டு மருந்து வந்தபின் வேகம் கூடியது. 1994-ல் மலேசியா பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியது.

கெட்டுப்போன கைகளுக்கும் ஒரு வழி பிறந்திருந்தது. விரல்களை நோய் அரித்துத் தின்பதில்லை, வலி தெரியாததால் காயம்தான் தின்கிறது என்று தெளிவாக நிறுவியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பால் பிராண்ட். 1948 வாக்கில் அவர் நல்ல தசைநாரை இடம் மாற்றி மடங்கிய விரலை நிமிர்த்தத் தொடங்கினார். அங்கிருந்து அந்த அறுவை முறை நாடுகள் பலவற்றுக்கும் போனது. உணர்ச்சி திரும்பாது, ஆனால் விரல் நீளும், சோற்றைப் பிசையும், கொழுந்தையும் கிள்ளும். பிராண்ட் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது தினமும் ராத்திரி கையையும் காலையும் கண்ணால் பார்த்துக் காயம் தேடுவது. தோல் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும்.

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிகள் குறைந்துவிட்டார்கள். பெரியவர்கள் ஓய்வுபெற்றார்கள், பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் வங்காளதேசிகள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா மூன்றுமே தொழுநோய் இன்னும் இருக்கும் நாடுகள். மலேசியாவில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஃபோமேமா மருத்துவச் சோதனை கட்டாயம். எந்த நோய் இருந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்று தள்ளுவார்கள் என்ற பட்டியலில் தொழுநோயும் இருக்கிறது. தள்ளப்பட்டால் வேலை அனுமதி போகும், நாடு திரும்ப வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தலைக்குமேல் நிற்கும். ரிஃபாம்பிசின் முதல் வேளை உள்ளே போன சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் அபாயம் இல்லாமல் போகிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலை செய்ய முழுத் தகுதி உண்டு. இருந்தும் விதி இப்படி. கையில் வெளிறிய படை கண்ட ஒரு நேபாளத்துப் பையன் மருத்துவரிடம் போவானா, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போவானா? 1930-களில் நம் தாத்தாக்கள் அதே மலையில் எதைத் தேர்ந்தார்கள் என்று நமக்குத் தெரியும். இந்தப் பட்டியலிலிருந்து தொழுநோயை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் மலேசியத் தமிழர்கள்தாம்.